பச்சைச் சூரியனும் உங்கள் முதுகும்

அன்புள்ள மச்சான்,

இந்த மடலில் நான் சொல்லப்போவதை ஈரேழு பதினாலு உலகத்திலும் ஒருவர்கூட நம்பப்போவதில்லை. அதை இப்போதே, வெல்டிங் ராடைத் தலைக்குமேல் உயர்த்தி, திருமயம் கோட்டையைச் சாட்சியாக வைத்து உறுதி கூறுகிறேன். சூரியனைப் பிடித்து ஒரு பீரோவுக்குள் அடைத்து வைத்திருந்தார்கள். நாம் இருவரும் பஸ் ஏறிப் போய் அதைப் பார்த்தோம். நீங்கள் சட்டையைக் கழற்றிவிட்டு அந்தப் பீரோவுக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டீர்கள். கதை இதுதான். நம்ப முடியாதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம், இதற்குமேல் வண்டி எங்கும் நிற்காது.

நீங்கள் இருந்திருந்தால் மூக்குக் கண்ணாடியை நுனிக்கு இறக்கிவிட்டுக் கேட்டிருப்பீர்கள்: "மாப்ள, இதுல சரக்கு எவ்வளவு, காத்து எவ்வளவு?"

என் அக்காவைக் கட்டிய நாள் முதல் நீங்கள் எனக்கு மச்சான், நான் உங்களுக்கு மாப்ள. அன்று முதலே நான் வாயைத் திறந்தால் நீங்கள் கேட்கும் கேள்வியும் இது ஒன்றுதான். ஒருமுறையும் நான் நேராகப் பதில் சொன்னதில்லை. இன்று சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் கடைசியில்தான் சொல்வேன். அதுவரை நீங்கள் எங்கே இருக்கிறீர்களோ அங்கே கொஞ்சம் பொறுத்திருங்கள்.

காலையில் பட்டறையை ஒழித்துக்கொண்டிருந்தேன். பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் அந்தப் பழைய கண்ணாடிப் பலகை கிடைத்தது. வெல்டிங் வைக்கும்போது முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொள்வேனே, அதுதான். கைப்பிடி உடைந்திருந்தது, சிலந்தி குடும்பத்தோடு குடியிருந்தது. நடுவில் பதித்த கறுப்புக் கண்ணாடி மட்டும் அப்படியே இருந்தது. வேட்டி நுனியால் துடைத்துவிட்டு, ஒரு கண் சிமிட்டும் நேரம், வானத்தை நோக்கிப் பிடித்தேன். உலகம் அணைந்துபோயிற்று. பைபாஸ் இல்லை, பஸ் இல்லை, கோட்டை இல்லை. அத்தனை இருட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு பச்சை எலுமிச்சம்பழம் தொங்கிக்கொண்டிருந்தது. சூரியன்தான். அந்தக் கண்ணாடிக்குள் அது எப்போதும் பச்சைதான். பலகையை இறக்கியதும் வெயில் வந்து முதுகில் கை வைத்தது. எனக்கு உங்கள் முதுகு நினைவுக்கு வந்துவிட்டது.

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, வேப்பமரத்து நிழலில், மடக்கு மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் பத்திர எழுத்தர் நீங்கள். சித்திரை வெயிலில் தார்ரோடு குழம்பாகக் கொதிக்கும்போதும் வெள்ளை முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுவரை பொத்தான். அந்த வேப்பமரமே வெப்பம் தாங்காமல் ஒருநாள் உங்கள் நிழலில் வந்து ஒதுங்கியதை நான் பார்த்திருக்கிறேன். வெள்ளையைத் தவிர வேறு நிறம் நீங்கள் போட்டதில்லை. ஏன் என்று அக்காவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். உங்கள் உடம்பிலிருந்து செதில் செதிலாக உதிரும். கறுப்பிலோ நீலத்திலோ அது தெரிந்துவிடும்.

பெயர் சொரியாசிஸ். ஒட்டிக்கொள்ளும் வியாதி இல்லை. ஆனாலும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஒரு சாண் நகர்வார். முடிதிருத்துபவர் உங்கள் கழுத்தைச் சுற்றித் துண்டை மூன்று சுற்றுச் சுற்றுவார். விசேஷ வீடுகளில் நீங்களாகவே கடைசிப் பந்திக்குப் போய்விடுவீர்கள். ஒருமுறைதான் அதைப் பற்றி வாய்விட்டுச் சொன்னீர்கள், அதையும் பத்திரமாகவே எழுதிச் சொன்னீர்கள்.

"சொத்து விவரம் கேளு மாப்ள. வடக்கே பிடரி, தெற்கே அரணாக்கயிறு, கிழக்கே ஒரு விலா, மேற்கே ஒரு விலா. இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட பூமி பூராவும் வில்லங்கம்."

நான் சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள். பிறகு மணிக்கட்டுப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டீர்கள்.

அப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில் தேன்மொழிக்கு மாப்பிள்ளை அமைந்தது. உங்களுக்கு ஒரே மகள், எனக்கு ஒரே மருமகள். பையன் ஷார்ஜாவில் வேலை, தையில் பதினைந்து நாள்தான் லீவு. ஆவணியில் நிச்சயம் முடிந்தது. இலை எடுத்த கையோடு நீங்கள் நேராக என் பட்டறைக்கு வந்தீர்கள். கிரில் கம்பிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிப்பதுபோலச் சொன்னீர்கள்:

"மாப்ள, ஊருணியில நீ எறங்கிரு."

எனக்கு உடனே புரிந்தது. உங்கள் பங்காளிகள் வழக்கம் அது. குலதெய்வக் கோயிலில்தான் கல்யாணம். பெண்ணைப் பெற்றவன் கோயில் ஊருணியில் முங்கி எழுந்து, ஈர வேட்டியோடு, மேலே துண்டுகூட இல்லாமல் வந்து நின்று தாரை வார்க்க வேண்டும். ஒளித்து வைக்க ஒன்றுமில்லாதவனாக மகளைக் கொடுக்க வேண்டும் என்று உங்கள் பாட்டன்மார் யாரோ நினைத்திருக்கிறார்கள். தகப்பனால் முடியாவிட்டால் தாய்மாமன் நிற்கலாம்.

"நான் எறங்குனா ஊருணித் தண்ணி கரை தாண்டிரும் மச்சான், ஊரு தாங்காது," என்றேன்.

"வெளையாடாத."

"தேன்மொழிகிட்டக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. நான் கேட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததை எல்லாம் உதறிக் கீழே போட்டாள்.

"மாமா, நீங்க நிக்கறதுன்னா நல்லா நில்லுங்க. ஆனா எனக்குக் கல்யாணம் வேணாம். அப்பாவோட கையிலேருந்து வாங்கிக்கிட்டுத்தான் போவேன். உடம்புல என்னா இருந்தா என்னா? ஒட்டாதுன்னு எனக்குத் தெரியும், இவங்களுக்கெல்லாம் எப்பத் தெரியுறது?"

"அப்பாவுக்குக் கூச்சம் ஆத்தா."

"அப்ப கூச்சத்துக்கு வைத்தியம் பாருங்க."

அதற்கு மருந்து எங்கும் கிடைப்பதாகத் தெரியவில்லை. தோலுக்குப் பார்க்கலாம் என்று புரட்டாசியில் உங்களைப் புதுக்கோட்டைக்கு இழுத்துக்கொண்டு போனேன். மறுபடியும் களிம்பு எழுதுவார்கள் என்று நீங்கள் முனகிக்கொண்டே வந்தீர்கள். அங்கே இருந்த டாக்டரம்மா உங்கள் முதுகைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார்.

"ஐயா, மொகத்துல இல்ல, கையில இல்ல. ஏன்னு யோசிச்சீங்களா?"

"இல்லம்மா."

"அங்கதான் ஒங்களுக்கு வெயில் படுது. முழுக்கைச் சட்டைய மனுஷங்களுக்குப் பயந்து போட்டீங்க. வெயிலும் வெளியிலயே நின்னுருச்சு."

நீங்கள் உங்கள் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், புதிதாக யாரோ கொடுத்த பொருளைப்போல.

பிறகு அவர் விளக்கினார். நம் உடம்புக்குள் காவலுக்கு அணுக்கள் உண்டாம். கிருமி வந்தால் அடிப்பது அவர்கள் வேலை. உங்கள் உடம்பில் அந்தக் காவலர்கள் ஆள் தெரியாமல் குழம்பிவிட்டார்கள். சொந்தத் தோலையே திருடன் என்று நினைத்துக் கூச்சல் போடுகிறார்கள். அந்தக் கூச்சலில் பயந்துபோய்த் தோல் அவசர அவசரமாக வளர்கிறது. ஒரு மாதத்தில் மேலே வர வேண்டியது நாலைந்து நாளில் வந்து குவிகிறது, உதிர்கிறது. வெயிலில் புற ஊதா என்று கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் இருக்கிறது. அது தோலில் அளவாகப் பட்டால் கூச்சல் போடும் காவலர்கள் அடங்குகிறார்கள், சிலர் போயே போய்விடுகிறார்கள். 'விடுப்பா, இது நம்ம ஆளு' என்று சமாதானம் சொல்லும் அணுக்களும் கூடுகின்றன.

"அளவா படணும். கூடிப்போச்சுன்னா நெசமான திருடன் வந்தாலும் காவல் எந்திரிக்காது. தோல்ல புத்துநோய் வர்றதே அப்படித்தான். வெளிச்சம் அணுவையும் கெடுக்கும், அதக் கேக்க வேண்டிய காவலையும் தூங்க வச்சிரும். அதனால நாங்க நொடிக் கணக்குலதான் குடுப்போம்."

அடுத்த அறையில் இருந்தது அந்தப் பீரோ. ஆள் உயரம், உள்பக்கம் நாலு சுவரிலும் டியூப் லைட்டுகள். மறைக்க வேண்டியதை மறைத்து, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, உங்களை உள்ளே நிற்க வைத்தார்கள். கதவு சாத்தியது. இடுக்கு வழியாக ஒரு நீல வெளிச்சம் கசிந்தது. மச்சான், அந்த நீலம் இந்த உலகத்து நீலம் கிடையாது. விடிவதற்கு முன்னால் கண்மாய்த் தண்ணீரில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகுமே, அதை எடுத்து வடிகட்டியதுபோல இருந்தது. என் செருப்பு நுனிவரை வந்து நனைத்தது. முப்பது எண்ணுவதற்குள் அணைந்தது. நீங்கள் வெளியே வந்தீர்கள். உங்களைச் சுற்றி ஒளிவட்டம். பதினெட்டு விட்டில் பூச்சிகள் உங்களை வலம் வந்தன. வாசலில் நின்ற ஆம்புலன்ஸ் விளக்கு வெட்கப்பட்டு அணைந்தது.

"அவ்வளவுதானா?" என்றீர்கள்.

அங்கேதான் நம் இருவர் புத்தியும் கோணலாகப் போகத் தொடங்கியது. வாரம் மூன்று நாள். முக்கால் மணி நேரப் பஸ், வரிசையில் ஒரு மணி நேரம், அரை நிமிஷ வெளிச்சம். ஐப்பசியில் முகூர்த்த நாட்கள் வந்தன. பத்திரம் பதிய ஊரே உங்கள் மேசையைச் சுற்றி நின்றது. இரண்டு முறை நீங்கள் போக முடியவில்லை. முதுகில் மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. அப்போது எனக்குள்ளிருந்த விஞ்ஞானி கண் விழித்தான்.

வெல்டிங் வைத்த மறுநாள் என் கழுத்துக் குழியில் தோல் கறுத்து உரியும். அதைப் பற்றி டாக்டரம்மாவிடம் முன்பே ஒருமுறை கேட்டிருந்தேன், வெல்டிங் பொறியிலும் அந்த வெளிச்சம் இருக்கிறதா என்று. "இருக்கு, அதனாலதான் ஒங்களை நல்லா மூடிக்கிட்டு வேலை பாக்கச் சொல்றது," என்றார். 'இருக்கு' என்றதோடு என் காது கடையைச் சாத்திவிட்டது.

"மச்சான், புதுக்கோட்டைக்கு எதுக்குப் போறீங்க? சூரியன் எங்கிட்ட ராடு ராடாக் கெடக்குது."

"சரக்கா, காத்தா?"

"சுத்தச் சரக்கு. டாக்டரம்மாவே சொன்னாங்க."

நீங்கள் நம்பினீர்கள். வாழ்க்கையிலேயே நீங்கள் என்னை நம்பிய முதல் நாள் அது.

ஒரு பிற்பகல், மழை விட்டிருந்த நேரம், பட்டறைக் கதவைச் சாத்திவிட்டு ஒரு பெயின்ட் டிரம்மைக் கவிழ்த்துப் போட்டேன். நீங்கள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினீர்கள். அத்தனை வருஷத்தில் அன்றுதான் நான் அதைப் பார்த்தேன். கோடையில் வற்றிய கண்மாய். வெடித்துப் பாளம் பாளமாக, ஓரங்களில் சிவந்து, மேலே வெள்ளி பூத்து. பலகையை முகத்துக்கு நேரே பிடித்துப் பொறியைப் பற்ற வைத்தேன். எல்லாம் இருண்டு, மங்கலான பச்சையில் உங்கள் முதுகு மட்டும் மிதந்தது. யாரும் போய்ச் சேராத ஒரு நிலாவைப் பார்ப்பதுபோல இருந்தது. அன்று எழுந்த வெளிச்சத்தில் காரைக்குடிவரை சேவல்கள் இரண்டாம் முறை கூவின. கோட்டைமேல் இருக்கும் பீரங்கி என்ன ஏதென்று இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது. சித்தன்னவாசல் குகைச் சுவரில் வரைந்திருக்கும் தாமரைகள் விடிந்துவிட்டது என்று இதழ் விரித்தன.

"எப்படி இருக்கு மச்சான்?"

"ஒண்ணுமே தெரியலையே மாப்ள. இன்னும் ரெண்டு ராடு போடு."

அதுதான் அந்த வெளிச்சத்தின் குணம். படும்போது சுடாது. ஆறு ராடு எரித்தேன்.

மறுநாள் விடிந்ததும் அக்காவின் போன்.

"ஏண்டா, எம் புருஷன் என்ன ஒனக்கு ஜன்னல் கம்பியா, பத்த வச்சுப் பாக்க? முதுகு பூராவும் செவசெவன்னு வெந்து கெடக்குது. குப்புறப் படுத்துக்கிட்டு, 'மாப்ளய ஒண்ணும் சொல்லாத'ன்னு வேற சொல்றாரு. ரெண்டு பேரையும் வச்சுக்கிட்டு நான் என்னடா பண்ணுவேன்?"

சிவப்பு ஆறியது. ஆறிய பத்தாம் நாள், வெந்த இடமெல்லாம் புதுச் செதில்கள் பூத்தன. பிடரியைத் தாண்டித் தோளுக்கு ஏறின, விலாவைத் தாண்டி வயிற்றுக்கு வந்தன. பார்க்க வந்தேன். நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தீர்கள்.

"நான்கெல்லையும் தாண்டி ஆக்கிரமிப்பு ஆயிருச்சு மாப்ள," என்றீர்கள். குரலில் சிரிப்பு இல்லை. "தைக்குள்ள இனி ஆகாது. நீயே எறங்கிரு. புள்ளகிட்ட நான் பேசிக்கிறேன்."

அன்று வீட்டுக்கு நடந்தே போனேன். சொல்வதற்கு என்னிடம் ஒரு பொய்கூட இல்லை. அப்படி ஒரு நாள் எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை.

மறுபடியும் புதுக்கோட்டை. டாக்டரம்மா நம் இருவரையும் நிற்க வைத்தார்.

"வெளிச்சம்னா எல்லாம் ஒண்ணா? எங்க டியூப்புல வேண்டிய இழைய மட்டும் எடுத்து விடறோம். பட்டறையில இருக்கறது எல்லாம் கலந்த வெளிச்சம். தோல்ல எங்க காயம் பட்டாலும் அந்தக் காவலாளிங்க அங்க ஓடி வருவாங்க, அங்கயும் வியாதி வந்துரும். சண்டைய நிறுத்தச் சொன்னா, நடுவுல போயி வெடியக் கொளுத்திட்டு வந்திருக்கீங்க. யாரோட யோசனை இது?"

நான் கையைத் தூக்குவதற்குள் நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"நாந்தாம்மா. இவன் போதும்னான், நாந்தான் இன்னும் ரெண்டு ராடு போடுன்னேன்."

நான் போதும் என்று சொல்லவே இல்லை, மச்சான். நீங்கள் சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அது. பொய்யை இவ்வளவு அமைதியாகவும் சொல்லலாம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். நான் சொல்வதெல்லாம் கொட்டு மேளத்தோடு வரும்.

தோல் அடங்கும்வரை நிறுத்திவைத்து, கார்த்திகை பிறந்ததும் மறுபடி தொடங்கினார்கள். திங்கள், புதன், வெள்ளி. ஒன்றுகூடத் தவறவில்லை. பத்திரம் பதிய வந்தவர்களிடம், "சார்பதிவாளரே வந்து கேட்டாலும் சாயந்திரம்தான்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறுவீர்கள். பட்டறையைப் பூட்டிவிட்டு நானும் வருவேன். அந்தச் சுவரோர பெஞ்சில் உட்கார்ந்து கதவிடுக்கைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நீலம் கசியும். பார்த்துக்கொண்டே இருந்தால் கண் சொக்கும். உங்கள் தோலுக்குள் ஒரு பெரிய ஊர் தெரியும். தெருத்தெருவாகக் காவலர்கள் ஈட்டியோடு நிற்பார்கள், கத்திக் கத்தித் தொண்டை கட்டியவர்கள். மேலேயிருந்து நீலத் தூறல் விழும். ஒருவன் கொட்டாவி விடுவான். அடுத்தவன் ஈட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்காருவான். ஊர் முழுவதும் கூச்சல் குறைந்து குறைந்து, கடைசியில் யாரோ ஒரு வீட்டில் தண்ணீர் இறைக்கும் சத்தம் மட்டும் கேட்கும். "மாப்ள, எந்திரி, பஸ்ஸு போயிரும்" என்று நீங்கள் தோளைத் தட்டுவீர்கள்.

அந்த வெளிச்சம் எவ்வளவு ஆழம் போகும் என்று ஒருநாள் நீங்கள் கேட்டீர்கள். டாக்டரம்மா சொன்னது என் மனதிலேயே தங்கிவிட்டது. "வெளிச்சம் மேல்தோலோட நின்னுரும் ஐயா. சேதி மட்டுந்தான் உள்ள போகும்."

மார்கழிப் பாதியில் செதில் குறைந்தது. அக்கா விளக்குமாற்றைத் தூக்கிக் காட்டி, "ரெண்டு நாளா கட்டிலுக்கடியில கூட்டவே இல்லடா" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. தை பிறந்தது. கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது உங்கள் கீழுதட்டில் கொத்தாகக் கொப்புளம் கிளம்பியது. அக்கா தலையில் கை வைத்துவிட்டாள். டாக்டரம்மாவைப் போனில் பிடித்தோம். சின்ன வயதில் எப்போதோ வந்து நரம்புக்குள் ஒளிந்திருந்த கிருமியாம். காவல் கொஞ்சம் கண்ணயர்ந்ததும் எட்டிப் பார்த்திருக்கிறான். ஒரு களிம்பு சொன்னார்.

கண்ணாடியில் உதட்டைப் பார்த்துக்கொண்டே நீங்கள் சொன்னீர்கள்: "முதுகு வில்லங்கத்த ரத்து பண்ணி ஒதட்டுல பதிஞ்சிருக்கான் மாப்ள."

எத்தனையோ நாளைக்குப் பிறகு உங்கள் பத்திரப் பேச்சு திரும்பி வந்தது. எனக்குப் பாதிக் கல்யாணம் அப்போதே முடிந்துவிட்டது.

கல்யாணத்தன்று விடியற்காலை. ஊருணியின்மேல் பனி ஒரு முழ உயரத்துக்கு நின்றது. மேளக்காரர்கள் குளிருக்குத் தவிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கரை முழுக்கச் சனம். பங்காளிகள், சம்பந்தி வீட்டார், உங்களிடம் பத்திரம் எழுதிய பாதித் தாலுகா. தேன்மொழி கோயில் வாசலில் மாலையோடு நின்று உங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்கள் படித்துறை மண்டபத்துத் தூணுக்குப் பின்னால் போனீர்கள். சட்டை கழன்றது. பிறகு ஒன்றும் நடக்கவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. ஐயர் எட்டிப் பார்த்தார். நான் வந்தேன்.

தூணைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.

"மாப்ள, முதுகு எனக்குத் தெரியல. நீ பாத்துச் சொல்லு. இருக்கா, இல்லையா?" சொல்லிவிட்டு நீங்களே தலையை ஆட்டினீர்கள். "ஒங்கிட்டப் போயிக் கேக்குறேன் பாரு. நீ இல்லைன்னாலும் நான் எப்படி நம்புவேன்?"

மச்சான், காலமெல்லாம் நான் ஊதிய காற்று எல்லாம் சேர்ந்து அந்த ஒரு நிமிஷம் என் எதிரே வந்து நின்றது. நான் எதைச் சொன்னாலும் அது நான் சொன்னதாகத்தான் இருக்கும். அதனால் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு உங்கள் பிடரியில் வைத்தேன். நீங்கள் திடுக்கிட்டீர்கள். மெதுவாகக் கீழே இழுத்தேன். தோள், முதுகெலும்பு, இரண்டு விலா. பழைய இடங்களில் இளம்பழுப்பாக நிழல் தங்கியிருந்தது. தொட்டால் ஒன்றுமில்லை. வழவழவென்று, வெதுவெதுப்பாக, ஒரு மனிதனின் முதுகு. அரணாக்கயிற்றுக்குச் சற்று மேலே மட்டும் ஒரு புளியங்கொட்டை அளவு சொரசொரப்பு. அதைத் தாண்டிக் கை கீழே வந்தது.

"வில்லங்கம் இல்ல," என்றேன்.

நீங்கள் ஒரு மூச்சு விட்டீர்கள். தூணை விட்டீர்கள். பனிக்குள் படி இறங்கி, முங்கி, எழுந்தீர்கள். வெயிலின் முதல் கீற்று ஊருணியில் விழுந்த நேரம் அது. கரையில் நின்ற சனம் உங்களைப் பார்த்தது. பிறகு, மற்ற தகப்பன்மாரைப் பார்ப்பதுபோலவே, சீக்கிரம் வாங்க, நேரமாச்சு என்று கத்தியது. அவ்வளவுதான். இத்தனை வருஷமாக நீங்கள் பயந்த கண்கள் ஒரு நொடிகூட உங்கள்மேல் தங்கவில்லை, மச்சான். ஈரம் சொட்டச் சொட்ட மகளின் கையை எடுத்து அவன் கையில் வைத்தீர்கள். அக்கா நீர் வார்த்தாள். போட்டோவில் எல்லோரும் அழுகிறார்கள், நீங்கள் மட்டும் புண் உதட்டோடு வாய்கொள்ளாமல் சிரிக்கிறீர்கள்.

இது போய்ப் போய் வரும் வியாதி என்று டாக்டரம்மா முன்பே எச்சரித்திருந்ததுபோல, அடுத்த மழைக்காலத்தில் செதில் திரும்ப வந்தது. மறுபடியும் நீலப் பீரோ, மறுபடியும் அடங்கல். ஆனால் அதற்குள் நீங்கள் அரைக்கைச் சட்டைக்கு மாறியிருந்தீர்கள். ஒருமுறை கருநீலமே போட்டுக்கொண்டு வந்து, என் பட்டறை வாசலில் இரண்டு சுற்றுச் சுற்றிக் காட்டினீர்கள். அந்தச் சட்டையோடு ஒருநாள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதுதான், எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னீர்கள்:

"அன்னைக்கு ஒண்ணு மிச்சம் இருந்துச்சுல்ல, மாப்ள?"

"எங்க?"

"இடுப்புக்கு மேல. ஒங்கையி அங்க வந்ததும் நின்னுச்சு."

நான் டீயைப் பார்த்தேன். "தெரிஞ்சுமா எறங்குனீங்க?"

"கையி நின்னுச்சு. ஆனா எடுக்கலையே," என்றீர்கள்.

போன புரட்டாசியில் நீங்கள் போனீர்கள். நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவர், யாருக்கும் சிரமம் வைக்காமல், எழுதி முடித்த பத்திரத்தை மடிப்பதுபோல முடித்துக்கொண்டீர்கள். குளிப்பாட்டும்போது பங்காளிகள் முறை வைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள். ஒருவரும் ஒரு சாண் நகரவில்லை. முதுகு தேய்க்க என்னைக் கூப்பிட்டார்கள்.

சரி, மச்சான். கணக்கைத் தீர்க்கிறேன். சேவல் இரண்டாம் முறை கூவியது காற்று. பீரங்கி திரும்பியது காற்று. தாமரை விரிந்தது, விட்டில் பூச்சிகள் வலம் வந்தது, வேப்பமரம் உங்கள் நிழலில் ஒதுங்கியது, எல்லாம் நான் ஊதிய காற்று. நீலப் பீரோவுக்குச் சாட்சி ஆஸ்பத்திரிச் சீட்டு, அது அக்காவிடம் பத்திரமாக இருக்கிறது. இதில் என் சரக்கு எவ்வளவு என்று கேட்டீர்களானால், மிகச் சின்னது. ஒரு புளியங்கொட்டை அளவு. அந்தத் தூணுக்குப் பின்னால், இடுப்புக்கு மேலே, என் கை ஒரு கணம் நின்றது. நான் எடுக்கவில்லை.

அது நிஜம்.

உங்கள் மாப்ள